சாவி இல்லாமல் போன பீரோ

தப்பான வீட்டில் இறங்கிவிட்ட கட்டிலையும் பீரோவையும் திரும்ப வாங்கி வரும்படி என்னைக் கடலூருக்கு அனுப்பினார்கள். நான் போய், அந்த வீட்டுக்காரர்களுக்கு ஒரு மெத்தை உறையும் ஒரு ஜோடித் தலையணையும் தருவதாக ஒப்புக்கொண்டு திரும்பி வந்தேன். அனுப்பிய உறை சரியான அளவில் இல்லை என்று அவர்கள் சொன்னதால், மறுவாரம் அதை மாற்றியும் கொடுத்தேன். சிதம்பரத்தில் ஒரு மரச்சாமான் கடையில் எட்டு வருஷம் டெலிவரி பொறுப்பாளனாக இருந்தேன். என்னைப் பற்றி அங்கே இப்போதும் பேசப்படுகிற கதை இது ஒன்றுதான்.

பேசுகிறவர்களுக்குத் தெரியாத பகுதி ஒன்று உண்டு. அந்தப் பீரோ தப்பான வீட்டுக்குப் போகக் காரணமாக இருந்த சீட்டு முறையைக் கண்டுபிடித்ததும் நான்தான். கண்டுபிடித்ததற்காக முதலாளி கையால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி பரிசு வாங்கினேன். இந்தக் கட்டுரையை அதில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஒரு கால் கொஞ்சம் வளைந்திருக்கிறது.

கடையில் இப்போது டெலிவரி பார்க்கிறவர்கள் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். போனில் ஒரு நீலப் புள்ளி வருகிறதாம், அது நிற்கிற இடத்தில் சாமானை இறக்கிவிட்டு வருகிறார்களாம். “மேப் இல்லாம எப்படி சார் கரெக்டா டெலிவரி குடுத்தீங்க?” என்று கேட்டார்கள். “கரெக்டா குடுத்தோம்னு யாரு சொன்னது?” என்றேன். அடக்கமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டார்கள். அடக்கம் அல்ல, தகவல். அதனால்தான் இதை எழுத வேண்டியதாயிற்று.

பயிற்சிக் காலத்தைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். அதற்கு முன் பதினேழு வருஷம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்தேன். பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகைகள். ஒரு தாய்மாமன் பெயர் விடுபட்டால் பந்தலில் கைகலப்பு நடக்கும் என்பதால் கவனமாக இருக்கப் பழகியிருந்தேன். அச்சகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது, நான் மரச்சாமான் கடைக்கு வந்தேன். அது 2004. முதல் வாரம், மாடிப்படியில் சோபா ஏற்றும்போது எந்தப் பக்கம் நிற்கக் கூடாது என்று கற்றுக்கொண்டேன். அத்துடன் பயிற்சி முடிந்தது.

முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்பார்கள். லால்பேட்டைக்காரர். கடை நிறைய சோபாவும் நாற்காலியும் கிடக்க, அவர் உட்காருவது கண்ணாடி வந்திறங்கிய ஒரு பலகைப் பெட்டியின் மேல். “விக்கிற சாமான்ல உக்காந்துட்டா அது நம்ம சாமான் ஆயிரும். அப்புறம் விக்கறதுக்கு மனசு வராது” என்பார். நான் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று பேர் உட்காரும் சோபாவில் படுத்துத் தடித்தடியான நாவல்களாகப் படித்து முடித்திருக்கிறேன். எந்தச் சோபாவையும் விற்க எனக்கு மனசு வராமல் போனதில்லை.

கோபம் வந்தால் ஹாஜியாரின் குரல் உயராது, இறங்கும். கூடவே மரியாதை ஏறும். சாதாரண நாளில் “தில்லை” என்று கூப்பிடுகிறவர் “தில்லை சார்” என்றால் ஏதோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம். “தில்லைகோவிந்தன் சார்” என்று முழுப் பெயரையும் சொன்னது என் சர்வீஸில் ஒரே ஒரு முறை.

எங்கள் வியாபாரத்தில் பாதிக்கு மேல் சீர்வரிசைதான். பெண்ணைப் பெற்றவர்கள் கடைக்கு வந்து கட்டில், மெத்தை, பீரோ, டிரெஸ்ஸிங் டேபிள் என்று நான்கு உருப்படி எடுப்பார்கள். சாமான் போக வேண்டியது மாப்பிள்ளை வீட்டுக்கு. பெண் அந்த வீட்டுக்குள் கால் வைக்கும்போது சீர் உள்ளே இருக்க வேண்டும். ஒரு முறை மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி டெலிவரி சீட்டைக் கையில் வாங்கி, நான்கு உருப்படியின் விலையையும் பந்தலில் உரக்க வாசித்துவிட்டாள். பெண்ணின் அப்பா மறுநாள் கடைக்கு வந்து, “சீரக் குடுத்துட்டு வாங்கடான்னா மானத்தையும் சேத்துக் குடுத்துட்டு வந்துட்டீங்களே” என்றார். அன்று சாயங்காலமே யோசனை சொன்னேன்: சீர் போகும் சீட்டில் விலை வேண்டாம். அடுத்த மாதம் இன்னோர் அத்தை, சீட்டில் இருந்த பெண் வீட்டார் பெயரைச் சொல்லிக் கடைக்கே போன் செய்து விலை கேட்டாள். பெயரும் வேண்டாம் என்றேன். ஆக, சீட்டில் மிஞ்சியது சாமான் பட்டியலும், போக வேண்டிய இடமும், வாங்கியவர் கையெழுத்துப் போட ஒரு கோடும்.

இடம் என்றால் கதவு எண் அல்ல. எண் எழுதினால் எங்கள் டிரைவர் குப்புசாமி அதைப் படிக்க மாட்டார். டீக்கடையில் வண்டியை நிறுத்திக் கேட்பார். டீக்கடைக்காரருக்குக் கதவு எண் தெரியாது, கல்யாண வீடு தெரியும். ஆகவே ஊர், தெரு, “பந்தல் போட்ட வீடு” என்று எழுதுவேன். ஒரு வீட்டுக்கு இதைவிடத் தெளிவாக அடையாளம் சொல்ல முடியும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. பெயரில்லாச் சீட்டை அறிமுகப்படுத்திய பிறகு அத்தைகள் அடங்கினார்கள். நாற்காலி எனக்கு வந்தது அப்போதுதான்.

சாவி விஷயத்தில் ஹாஜியாருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பீரோவைப் பூட்டித்தான் வண்டியில் ஏற்றுவோம், இல்லாவிட்டால் கதவு ஆடிப் பெயிண்ட் போகும். சாவி இரண்டையும் ஓர் உறையில் போட்டு, பெண்ணின் அப்பா கையில் ஹாஜியாரே கொடுப்பார். “சாமான் வண்டில போவும். சாவி அத்தா கையாலதான் போவணும்” என்பார். அத்தா என்றால் அவர் வீட்டுப் பேச்சில் அப்பா. பெண்ணின் அப்பா மணமேடையில் மகளிடம் சாவியைக் கொடுப்பார், போட்டோ எடுப்பார்கள். நாலைந்து வருஷத்தில் எங்கள் பக்கத்தில் இது ஒரு சடங்காகவே ஆகி, வேறு கடையில் பீரோ வாங்கியவர்களும் செய்ய ஆரம்பித்தார்கள்.

இத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகும் சாமான் தப்பான வீட்டுக்குப் போகும். அதைத் திரும்ப எடுக்க ஹாஜியாரின் முறை மூன்று நடை. முதல் நடை பழத்தோடு போக வேண்டும். காபி குடித்து முடியும்வரை சாமான் பக்கம் கண் போகக் கூடாது. இரண்டாம் நடை கடிதத்தோடு. தவறு முழுவதும் எங்களுடையது என்று அதில் இருக்க வேண்டும். மூன்றாம் நடைதான் வண்டி. அதையும் அடுத்த தெருவில் நிறுத்திவிட்டு நடந்து போக வேண்டும். “வாசல்ல வண்டி நின்னா ஜப்திக்கு வந்த மாதிரி இருக்கும் தில்லை. ஒரு வீட்டு சாமான் வெளிய போறத நாலு பேரு பாக்கக் கூடாது. அது நம்ம சாமானாவே இருந்தாலும் சரி.”

பெரும்பாலும் பலித்தது. பலிக்காததும் உண்டு. ஓர் அலுவலகத்தில் தப்பாக இறங்கிய மேசையைக் கேட்க மறுநாள் காலையிலேயே பழத்தோடு போனேன். அதற்குள் அதன் காலில் வெள்ளைப் பெயிண்டில் எண் எழுதிவிட்டார்கள். “நம்பர் போடாம இருந்தா எடுத்துக்கிட்டுப் போயிருக்கலாம் சார்” என்று அங்கிருந்த உதவியாளர் உண்மையான வருத்தத்தோடு சொன்னார். எண் போட்ட மேசை வெளியே வர வேண்டுமென்றால், அது இனி எதற்கும் லாயக்கில்லை என்று சான்று வேண்டும். சான்று கிடைக்க மேசை பழசாக வேண்டும். பழத்தை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன்.

இனி கடலூர் விஷயம். 2007இல் ஆவணி மாத முகூர்த்தம் ஒன்று. காட்டுமன்னார்கோயிலில் ரைஸ்மில் கணக்கராக இருந்த வைத்தியலிங்கம் என்பவர் மகளுக்குச் சீர் எடுத்திருந்தார். மாப்பிள்ளை வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். நான் சீட்டில் “பிள்ளையார் கோயில் பக்கத்துத் தெரு, பந்தல் போட்ட வீடு” என்று என் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். கோயிலுக்கு இரண்டு பக்கம் இருக்கும் என்பதையோ, இரண்டு பக்கமும் தெரு இருக்கும் என்பதையோ நான் யோசிக்கவில்லை.

மதியம் மூன்று மணிக்குப் போன் வந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் வந்துவிட்டார்கள், சீர் வரவில்லை. குப்புசாமி அதற்குள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“எங்கய்யா எறக்குன?”

“எழுதுன எடத்துலதான் மாமா. பந்தல் இருந்துச்சு, வாழமரம் கட்டியிருந்துச்சு. பொண்ணு வீட்டு சீரு வந்திருக்குதுன்னேன். ஒரு அம்மா ஓடியாந்து ஆரத்தி எடுத்தாங்க. பொண்ணே வந்து கையெழுத்துப் போட்டுச்சு, அழுதுகிட்டே. இதுக்கு மேல நான் என்னா, ரேஷன் கார்டா கேக்கறது?”

“சாவி கேட்டாங்களா?”

“கேட்டாங்க. பொண்ணோட அப்பா கையாலதான் வரும், கடை வழக்கம்னு சொன்னேன். அதுக்கும் அழுதுச்சு.”

ஹாஜியார் பலகைப் பெட்டியிலிருந்து எழுந்து நின்றார். “தில்லைகோவிந்தன் சார்” என்றார். குரல் ஏறக்குறையக் கேட்கவில்லை. “ஷோரூம்ல நிக்கிறத எறக்குங்க.”

காட்சிக்கு வைத்திருந்த கட்டிலும் பீரோவும் டேபிளும் அன்று சாயங்காலமே வைத்தியலிங்கத்தின் சம்பந்தி வீட்டுக்குப் போயின. கண்ணாடியில் ஒட்டியிருந்த “காட்சிக்கு மட்டும்” என்ற தாளை உரிக்க யாருக்கும் நேரமில்லை. அதன் முன்னால் மணமக்கள் நின்று எடுத்துக்கொண்ட போட்டோவின் பிரதி ஒன்றை வைத்தியலிங்கம் பிறகு கடைக்கு அனுப்பி வைத்தார். காலையில் மணமேடையில் அவர் மகளுக்குக் கொடுத்த சாவியோ, அடுத்த தெருவில் வேறொரு வீட்டில் நின்ற பீரோவுக்கானது.

மறுநாள் நான் ஆப்பிளும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு அந்த வேறொரு வீட்டுக்குப் போனேன். வீட்டுக்கார அம்மா பெயர் கோமதி. ரேஷன் கடையில் இருபத்தெட்டு வருஷம் பில் போட்டு ஓய்வு பெற்றவர். உள்ளறையில் எங்கள் பீரோ, குங்குமப் பொட்டும் ஒரு முழம் பூவுமாகச் சுமங்கலி போல நின்றது. விதிப்படி அதைப் பார்க்காமல் காபி குடித்தேன். கடைசி மடக்கு முடிவதற்குள் அந்த அம்மா பேசத் தொடங்கிவிட்டார்.

பந்தல் போட்டது கல்யாணத்துக்கு அல்ல, மருமகளின் வளைகாப்புக்கு. மகனும் ஜெசிந்தாவும் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவள் கிறிஸ்தவப் பெண். அம்மா இல்லை. அப்பா சவரிமுத்து, சிதம்பரத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருஷமாக மகளிடம் பேசவில்லை.

“பத்திரிக வச்சோம், போன் பண்ணுனோம், பதிலே இல்ல” என்றார் கோமதி. “நேத்திக்கி எல்லாரும் வளையல் போட்டாங்க. இவ பக்கத்து ஆளு ஒருத்தருமில்ல. சிரிச்சுகிட்டுத்தான் உக்காந்திருந்தா, ஆனா கண்ணு வாசல்லயே இருக்குது. அந்த நேரத்துல வண்டி வந்து நிக்குது. பொண்ணு வீட்டு சீருங்கறான் உங்க ஆளு. நானே ஆரத்தித் தட்டத் தூக்கிக்கிட்டு ஓடுனேன்.”

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். இனி பேசலாம் என்பது விதி. அப்போது ஏழு மாத வயிற்றோடு அந்தப் பெண் கதவருகில் வந்து நின்றாள். இரண்டு கையிலும் முழங்கைவரை வளையல்.

“சார், அப்பா கடைக்கு வந்தப்ப நல்லாருந்தாரா? சாவிய எப்ப கொண்டாரேன்னு சொன்னாரு?”

பதினேழு வருஷம் பிழை திருத்தியவன் நான். எதிரில் நிற்கும் பிழையைச் சுட்டிக்காட்டுவதுதான் என் தொழிலாக இருந்தது. “வருவாரும்மா” என்றேன். “கொஞ்சம் வேலையா இருக்காரு போலருக்குது.”

“வந்ததுதான் வந்தீங்க, இதையும் கேட்டுக்குங்க” என்றார் கோமதி. “கட்டில் குடுத்தா தலகாணி வர வேணாமா? மெத்தைக்கு உறையும் காணம்.”

ஹாஜியார் என்னிடம் அறிக்கை கேட்டார்.

“பழம் குடுத்தியா?”

“குடுத்தேன்.”

“காபி குடிச்சியா?”

“குடிச்சேன்.”

“அப்புறம்?”

“தலகாணி கேட்டாங்க.”

“குடுத்து அனுப்பு” என்றார்.

இரண்டு வாரம் கழித்துக் கடிதத்தோடு போனேன். ஜெசிந்தா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். கோமதி அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தை இரண்டு முறை படித்தார். முகம் மாறவில்லை. அந்த முகத்தைப் பார்த்துத்தான் அரிசி வரவில்லை என்று கேட்டவர்கள் இருபத்தெட்டு வருஷம் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

“மெதுவாப் பேசுங்க” என்றார். “சீட்டுல எங்க பேரு இருக்குதா?”

“இல்லைங்க. அதத்தான் சொல்ல வந்தேன்.”

“வேற யாரு பேராவது இருக்குதா?”

“இல்லைங்க.”

“அப்புறம்? சீட்டுல போட்ட சாமான் வந்துச்சு. எண்ணிப் பாத்துக் கையெழுத்து வாங்கிக்கிட்டீங்க. வாங்குனப்பறம் திருப்பி எடுக்க எங்க கடைல ரூல் இல்ல. உங்க கடைல இருக்குதா?”

என் நாற்காலியை நினைத்துக்கொண்டேன்.

“மாசமா இருக்கற பொண்ணு வீட்டுல ஒரு ஆணி அடிக்க மாட்டோம், ஒரு பெட்டிய எடம் மாத்த மாட்டோம். ஆரத்தி எடுத்து உள்ள வந்த சீரத் தூக்குவீங்களா? அதையும் விடுங்க. தூக்குனா அவ ஏன்னு கேப்பா. எனக்குச் சொல்ற தைரியம் கெடையாது. உங்களுக்கு இருந்தா எழுப்புறேன். சொல்லிட்டு எடுத்துக்கிட்டுப் போங்க.”

எனக்கும் இருக்கவில்லை. கிளம்பும்போது, புதுப் பீரோ இருந்த அறையில் பாச்சை உருண்டை வாசனை வந்ததைக் கவனித்தேன். சுத்தமான குடும்பம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் அவரிடமிருந்து பதிவுத் தபால் வந்தது. டிரெஸ்ஸிங் டேபிள் கண்ணாடியில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இருக்கிறது, பதினைந்து நாளில் மாற்றித் தராவிட்டால் கடலூர் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன் என்று எழுதியிருந்தார். தப்பாகப் போன சாமானைக் கேட்டு நாங்கள் நோட்டீஸ் விடுவதா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தபோது, அதில் பழுது இருப்பதாக அவர்கள் நோட்டீஸ் விட்டார்கள். அவசரமாக எங்கள் வக்கீலைப் பார்த்தோம். “கேஸ் போட்டா ஜெயிச்சுரலாம் பாய்” என்றார் அவர். “மாசமா இருக்கற பொண்ணு வீட்டுலேருந்து கட்டிலத் தூக்குன கடைன்னு பேரு வாங்கிக்கிட்டு ஜெயிக்கலாம்.”

ஹாஜியார் தபாலைத் திரும்பத் திரும்பப் படித்தார். “தப்பாக் குடுத்தாலும் முழுசாக் குடுன்னு கேக்கறாங்க” என்றார். “நியாயந்தான்.” பிறகு என்னைப் பார்த்தார்.

“சாவி யாரு கையால போவணும் தில்லை?”

“அப்பா கையால.”

“போச்சா?”

“இல்லீங்க.”

“அப்ப டெலிவரி இன்னும் முடியல. சாமான் எடுக்கறதப் பத்தி இப்ப என்னா பேச்சு? போயி அந்த அத்தாவப் பாரு. உள்ளத உள்ளபடி சொல்லு. பொய் ஜாஸ்தி சொல்லாத.”

சவரிமுத்து சார் வீடு சிதம்பரத்தில், அண்ணாமலைநகர் போகிற வழியில் இருந்தது. வராந்தாவில் நின்றபடியே பேசினார். உட்காரச் சொல்லவில்லை. தாமதமாக வந்த மாணவன் காரணம் சொல்வதைக் கேட்கிற தலைமையாசிரியரின் முகம். “முதல்லேருந்து சொல்லுங்க. வரிசையா” என்றார். சொன்னேன். சீட்டு முறையைக் கண்டுபிடித்தது யார் என்ற இடத்தை மட்டும் தாண்டிப் போனேன்.

“நான் எதுவும் அனுப்பல.”

“தெரியும் சார்.”

“பிறகு என்கிட்ட ஏன் வந்தீங்க?”

“பொண்ணு உங்கள எதிர்பாத்துகிட்டிருக்குது சார். சாவிக்காக.”

கையை நீட்டினார். சீட்டைக் கொடுத்தேன். சாமான் பட்டியலை அவர் பார்க்கவில்லை. கீழே இருந்த கையெழுத்தைத்தான் பார்த்தார். “ச. ஜெசிந்தா” என்று போட்டிருந்தாள். “இனிஷியல் இன்னும் மாத்தலியா” என்றார். அது என்னைக் கேட்ட கேள்வி அல்ல.

சீட்டை விடைத்தாள் போல நான்காக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். முடிந்தது என்று படியிறங்கினேன்.

“நில்லுங்க. கட்டில் என்ன மரம்?”

“வேம்பு சார்.”

“வேம்பா?”

“நல்லா காயவச்ச வேம்பு சார். பூச்சி புடிக்காது.”

“நான் என் பொண்ணுக்கு வேப்பமரக் கட்டில் அனுப்பியிருக்கேன்னு அந்தத் தெருவே பேசிக்கிட்டிருக்கா?”

“தெரு பூரா இல்ல சார். வளைகாப்புக்கு வந்தவங்கதான்.”

“எத்தன பேரு?”

“ஒரு அறுவது பேரு இருப்பாங்க.”

அவர் முகத்தில் முதல் தடவையாக வேதனை தெரிந்தது. மகள் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டதை இரண்டு வருஷம் தாங்கியவரால், வேப்பமரத்தை ஒரு நிமிஷம் தாங்க முடியவில்லை.

மறுநாள் கடை திறக்கும்போது வாசலில் நின்றார். ஹாஜியார் தன் துண்டால் ஒரு தேக்கு நாற்காலியைத் துடைத்து அவரை உட்கார வைத்தார். பிறகு தானும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் கடைச் சாமானில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சவரிமுத்து சார் தேக்குக் கட்டில் ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இத அனுப்பிட்டு அந்த வேம்ப எடுத்துக்கிட்டு வந்துருங்க” என்றார்.

நான் தொண்டையைச் செருமினேன். “சார், மாத்துனா பொண்ணுக்கு விஷயம் தெரிஞ்சிரும். முதல்ல வந்தது நீங்க அனுப்புனது இல்லன்னு.”

அவர் தேக்கின் மேல் கையை வைத்தபடி நின்றார். வெளியே ஒரு டவுன் பஸ் நின்று, ஆளை ஏற்றி, கிளம்பிப் போனது. கையை எடுத்தார்.

“வேம்பே இருக்கட்டும்” என்றார். “பில்லை என் பேருக்குப் போடுங்க. பேரைப் பெரிசா எழுதுங்க. கதவு எண்ணும் எழுதுங்க.”

என் பெயரில்லாச் சீட்டு அந்தக் காலையோடு வழக்கொழிந்தது.

இனி சாவி. காட்டுமன்னார்கோயிலுக்கு நானே போனேன். வைத்தியலிங்கம் ரைஸ்மில் வாசலில் என்னை நிற்க வைத்து அரை மணி நேரம் பேசினார். அத்தனையும் நியாயம், அச்சில் போடத்தான் முடியாது. “மேடைல குடுத்த சாவிய என் பொண்ணுகிட்டேருந்து திருப்பி வாங்க மாட்டேன். அது எதையும் தொறக்காட்டியும் சரி” என்றார். நல்லவேளையாக இரண்டாவது சாவி அவரிடமே உறையோடு இருந்தது. அதைக் கொடுத்தார். உறையைக் கொடுக்கவில்லை.

மூன்றாம் நடை. குப்புசாமி வண்டியை வழக்கம்போல் அடுத்த தெருவில் நிறுத்தினார். காலி வண்டி. சவரிமுத்து சார் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தார், சட்டைப் பையைக் கையால் பொத்தியபடி. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, “எந்தக் கையால குடுக்கணும்னு ஏதாவது இருக்கா?” என்று என்னைக் கேட்டார். வலது கை என்றேன்.

கோமதி அம்மா அவரைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “வாங்க சம்பந்தி” என்றார், நேற்றுதான் வந்து போனவரைக் கூப்பிடுவது போல. ஜெசிந்தா உள்ளறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவர் சாவியை நீட்டினார். அவள் சாவியோடு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடி வளையல்கள் மட்டும் சத்தம் போட்டன. நான் டிரெஸ்ஸிங் டேபிள் கண்ணாடியில் இருந்த கோட்டை உன்னிப்பாகப் பார்த்தேன். உண்மையிலேயே கோடு இருந்தது.

சற்றுக் கழித்துச் சவரிமுத்து சார் கட்டிலருகே போய் விரல் முட்டியால் தட்டினார். “வேம்பு உடம்புக்கு நல்லதுன்னு யோசிச்சுத்தான் அனுப்பினேன்” என்று பொதுவாக அறிவித்தார். அவர் பொய் சொல்லிப் பழகியவர் அல்ல என்பது குரலில் தெரிந்தது.

ஜெசிந்தா பீரோவில் சாவியைப் போட்டாள். புதுப் பீரோவின் பூட்டு முதல் தடவை லேசில் திரும்பாது, நாலைந்து முறை ஆட்டினால்தான் வழிக்கு வரும். அது ஒரே சுற்றில் திறந்தது. எட்டு வருஷ அனுபவத்தில் நான் அப்படிப் பார்த்ததில்லை. வாசலுக்கு வந்து நின்றுகொண்டேன். குப்புசாமி, “என்னா மாமா, கண்ணுல தூசியா?” என்றார். மஞ்சக்குப்பத்தில் தூசி ஜாஸ்தி என்றேன்.

2012இல் முழங்கால் இரண்டும் மாடிப்படி ஏறாது என்று சொல்லிவிட்டதால் வேலையை விட்டேன். கடைசி வாரம், எனக்குப் பதிலாகச் சேர்ந்தவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பூட்டு ஒரே சுற்றில் திறந்த இடத்துக்கு வந்தபோது குரல் கொஞ்சம் கரகரத்தது. அப்போது கடை வாசலில் கோமதி அம்மா நின்றுகொண்டிருந்தார், கையில் ஒரு பையோடு. கண்ணாடியில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறதாம். பழைய பதிவுத் தபாலின் நகலைக் கொண்டுவந்திருந்தார். நான் சொன்னது முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இளைஞர்களிடம் சொன்னார்:

“சீரு வந்த மறுநாளே பூட்டு ரிப்பேர்காரனக் கூட்டியாந்து பீரோவத் தொறந்தாச்சு தம்பி, துணி வைக்க எடம் வேணாமா? சாவி ஒண்ணும் போட்டுக் குடுத்தான். இவரு வரப்பல்லாம் பூட்டி வச்சுருவோம். சாவி சாவின்னு பாவம், மூஞ்சி அப்புடி வாடிப் போயிருக்கும். சொல்ல மனசு வரல.”